ஈரக்குலையும் ஒரு பிடி புட்டும்: உடற்தொகுதிகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் முறை

பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் உடற்தொகுதிகளைப் பாடமாக்கும் விதத்தில் ஒரு பெரிய குறை இருக்கிறது. சமிபாட்டுத் தொகுதி ஒரு பக்கம், குருதிச் சுற்றோட்டத் தொகுதி இன்னொரு பக்கம், கழித்தல் தொகுதி வேறொரு கொப்பியில். ஒவ்வொன்றின் உறுப்புகளையும் வரிசையாகச் சொல்வார்கள். ஆனால் சிறுகுடலில் உறிஞ்சிய குளுக்கோசு கால் பெருவிரலின் தசைக்கு எப்படிப் போகிறது என்று கேட்டால் வாயடைத்து நிற்பார்கள். ஒரு தொகுதி மற்றத் தொகுதிக்குப் பொருளைக் கைமாற்றும் இடம்தான் பாடத்தின் உயிர். அந்த இடத்தைப் படம் பார்த்து விளங்கிக்கொள்வது கடினம். கையால் தொட்டால் அரை மணித்தியாலத்தில் விளங்கிவிடும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிள்ளைகள் இப்போது யூடியூப்பில் தமிழ்நாட்டுப் பாடங்களையும் பார்க்கிறார்கள். அங்கே தமனி என்பது எங்கள் இலங்கைப் பாடநூலில் நாடி. சிரை என்பது நாளம். மண்டலம் தொகுதி, செரிமானம் சமிபாடு, கணையம் சதையி, உதரவிதானம் பிரிமென்றகடு, உணவுக்குழாய் களம், நுரையீரல் சுவாசப்பை. கொப்பியின் முதற்பக்கத்தில் இரண்டு நிரலாக எழுதி ஒட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தமிழில் இந்தப் பாடத்தைப் படிப்பிப்பது நேற்று முந்தநாள் தொடங்கிய வேலையும் அல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்தார். உடலமைப்பு நூல்களையும் தமிழாக்கினார். தமிழில் விளங்காத பாடம் இது என்று எந்தப் பிள்ளையும் நினைக்கத் தேவையில்லை.

இறைச்சிக்கடையில் என்ன கேட்க வேண்டும்

பயந்தால் "ஈரக்குலை நடுங்குது" என்கிறோமே, அந்தக் குலையைத்தான் வாங்க வேண்டும். ஆட்டின் வாதனாளி (மூச்சுக்குழாய்), சுவாசப்பை, இதயம் மூன்றும் பிரியாமல் ஒன்றாக, ஈரலில் பித்தப்பையோடு ஒரு துண்டு, ஒரு சிறுநீரகம். முதல்நாளே கடைக்காரரிடம் சொல்லிவைக்காவிட்டால் கிடைக்காது. ஏனென்றால் அவர் வழமையாக இதயத்தைக் குறுக்கே கீறிக் கட்டிக்குருதியைக் கழுவிவிடுவார். கறி கசக்கும் என்று பித்தப்பையை வெட்டி எறிந்துவிடுவார். ஊரில் பங்கு இறைச்சி போடுகிறார்கள் என்றால் வெட்டும்போதே போய் நிற்பது இன்னும் நல்லது. மூன்று விடயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: சுவாசப்பையில் கத்தி படக்கூடாது, இதயத்தைக் கீறக்கூடாது, இதயத்துக்கு மேலே குழாய்கள் இரண்டு விரல் நீளமாவது இருக்க வேண்டும்.

குடலும் இரைப்பையும் வாங்க வேண்டாம். ஆடு அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பைக்கு நான்கு அறைகள், குடலும் மனிதக் குடலைவிடப் பல மடங்கு நீளம். அதைப் பார்த்த பிள்ளை மனிதனுக்கும் அப்படித்தான் என்று மனதில் பதித்துவிடும். பிறகு அதை அழிப்பது பெரும்பாடு.

வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் பல வீடுகளில் மச்சம் சேர்ப்பதில்லை. சைவ வீட்டுப் பிள்ளையை இதைத் தொடச்சொல்லி வற்புறுத்தவும் கூடாது. இறைச்சி இல்லாமல் செய்யக்கூடியவை பின்னால் வருகின்றன. அவற்றை மட்டும் செய்தாலும் பாதிக்கு மேல் விளங்கும்.

கையுறை கட்டாயம். கையில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளை பார்க்கட்டும், தொட வேண்டாம். ஈரலிலோ சுவாசப்பையிலோ நீர்கோத்த வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் அது ஒட்டுண்ணிப் புழுவின் கூடாக இருக்கலாம். அதைக் குத்தவோ வெட்டவோ வேண்டாம், அந்தத் துண்டை அப்படியே புதைத்துவிடுங்கள். நாய்க்குப் போடவே கூடாது.

சுவாசப்பை

வாதனாளியை முதலில் கண்ணை மூடிக்கொண்டு தடவச் சொல்லுங்கள். முன்பக்கம் வளையம் வளையமாகக் கடினமாக இருக்கும். பின்பக்கம் மெத்தென்று இருக்கும். கசியிழைய (குருத்தெலும்பு) வளையங்கள் முழு வட்டமல்ல, பின்னால் திறந்தவை. அந்தத் திறந்த பக்கத்தில்தான் களம் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. புட்டுக்கட்டி இறங்கும்போது களம் விரிய அங்கே இடம் கிடைக்கிறது.

தோட்டத்துக்கு நீர்விடும் குழாயில் ஓர் அடியை வெட்டி வாதனாளிக்குள் செருகி, பழைய சைக்கிள் ரியூப் கீலத்தால் இறுக்கிக் கட்டுங்கள். சுவாசப்பையை ஒரு பெரிய, ஒளி ஊடுருவும் பொலித்தீன் பைக்குள் வைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். வாயால் ஊதவே கூடாது. கிருமி உள்ளே போகும். இளஞ்சிவப்பு இறைச்சித் துண்டாகக் கிடந்தது பெரிய பைபோல எழும்பும். அடிப்பதை நிறுத்தினால் தானாகவே சுருங்கும். அந்த மீள்சக்தியால்தான் அமைதியாக இருக்கும்போது மூச்சை வெளியே விடத் தனி முயற்சி தேவைப்படுவதில்லை. எழும்பாவிட்டால் எங்கோ கத்தி பட்டிருக்கிறது. "உஸ்" என்ற சத்தம் வரும் இடத்தை நூலால் கட்டிவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

வாதனாளி இரண்டாகப் பிரியும் முன்னரே வலப்பக்கம் ஒரு சிறு கிளை போவதைக் காண்பீர்கள். அது ஆடு, மாடு போன்றவற்றுக்கு உரியது, மனிதனுக்கு இல்லை. படத்தில் வரையவேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். மனிதனின் வலச் சுவாசப்பைக்கு மூன்று சோணைகள், இடப்பக்கத்துக்கு இரண்டு. இதயம் இடப்பக்கம் சரிந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு சிறு துண்டை வெட்டி நீரில் போட்டால் மிதக்கும். ஈரல் துண்டு தாழும். சிற்றறைகளில் மிஞ்சியிருக்கும் காற்றுத்தான் காரணம். மனிதச் சுவாசப்பைகளில் பல கோடிச் சிற்றறைகள். விரித்தால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர். அதாவது பல வீடுகளின் விறாந்தை, ஹோல், அறை எல்லாம் சேர்ந்த பரப்பு ஒரு நெஞ்சுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இதயம்: இங்கே அவசரப்பட வேண்டாம்

இந்த ஓர் உறுப்புக்கு முழுசாக ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வெட்டுவதற்கு முன் செய்யும் வேலைதான் முக்கியம்.

உப்பு நீரில் அலசி, குழாய்களுக்குள் கிடக்கும் கருஞ்சிவப்புக் கட்டிகளை விரலால் எடுத்துவிடுங்கள். கூர்முனை கீழே வரும்படி பிடியுங்கள். முன்பக்கத்தில் கொழுப்புப் படிந்த ஒரு பள்ளம் சரிவாக ஓடும்; அதற்குள்தான் இதயத்தசைக்கே குருதி கொண்டுபோகும் முடியுரு நாடியின் கிளை கிடக்கிறது. மாரடைப்பு என்பது இந்தக் குழாய்களில் ஒன்று அடைபடுவது. இதயத்தின் அறைகள் நிறையக் குருதி இருந்தாலும் சுவர்த்தசைக்கு இந்த மெல்லிய குழாய்தான் உணவு என்று காட்டிவிட்டால், பிள்ளைக்கு அது ஒருநாளும் மறக்காது.

இப்போது இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இறுகிய தசையாக விரலை எதிர்க்கும்: அது இடது. மற்றப் பக்கம் அமுங்கும்: அது வலது. மேசையில் இதயம் உங்களை நோக்கிக் கிடக்கும்போது அதன் இடது உங்கள் வலக்கைப் பக்கம் வரும். சோதனைத்தாளில் அதிகம் பிழைபோவது இங்கேதான். எதிரே நிற்கும் ஆளோடு கைகுலுக்குவதாக நினைத்துப் பார்க்கச் சொன்னால் சரியாகிவிடும்.

மேலே உள்ள குழாய்களைப் பாருங்கள். தொகுதிப் பெருநாடி தடித்து, றப்பர்க் குழாய்போல வாய்திறந்தபடி நிற்கும். பெருநாளங்கள் மெல்லிய சுவரோடு சோர்ந்து ஒட்டிக் கிடக்கும். அழுத்தம் தாங்க வேண்டியது தடித்தது, தாங்கத் தேவையில்லாதது மெலிந்தது. பென்சிலை ஒவ்வொன்றுக்குள்ளும் விட்டு எந்த அறைக்குள் போகிறதென்று பார்க்கலாம்.

பெருநாடிக்குள் மேலிருந்து மெதுவாக நீரை ஊற்றுங்கள். நீர் இறங்காமல் நின்றால் அரைமதி வால்வு மூடிக்கொண்டது என்று அர்த்தம். மூன்று சிறிய பைகள் நீரால் நிரம்பி ஒன்றோடொன்று முட்டி நிற்பதை மேலிருந்தே காணலாம். நீர் வடிந்தோடினால் கடையில் குழாயை வால்வுக்குக் கிட்ட வெட்டிவிட்டார்கள், அல்லது உள்ளே கட்டிக்குருதி சிக்கி வால்வு மூடவில்லை. அலசிவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

பிறகுதான் கத்தரிக்கோல். மேற்பெருநாளத்தின் வாயில் வைத்து, மேலறையான வலச் சோணையறை வழியாகக் கீழறையான வலது இதயவறையின் அடிவரை நேராக வெட்டித் திறவுங்கள். முக்கூர் வால்வின் தகடுகளும் அவற்றைச் சுவரோடு கட்டி வைத்திருக்கும் வெள்ளை நாண்களும் தெரியும். ஒரு நாணை விரலால் இழுத்துப் பாருங்கள்: தையல் நூல் தடிப்புத்தான், ஆனால் இலேசில் அறாது. இதயவறை சுருங்கும்போது வால்வுத் தகடு சோணையறைப் பக்கம் மறுபுறமாகப் புரண்டு போகாமல் தடுப்பது இந்த நாண்தான். காற்றடிக்கும்போது குடை மறுபுறம் புரள்வதை நினைத்தால் போதும். இடப்பக்கத்தையும் இதேபோல் திறந்து, இரண்டு இதயவறைச் சுவரின் தடிப்பையும் அடிமட்டத்தால் அளந்து எழுதச் சொல்லுங்கள். இடது சுவர் ஏறத்தாழ மூன்று மடங்கு வரும். வலது பக்கம் பக்கத்திலிருக்கும் சுவாசப்பைக்கு மட்டும் அனுப்புகிறது. இடது பக்கம் உச்சி முதல் உள்ளங்கால் வரை தள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தப்பை அடியோடு பிடுங்கிவிடுங்கள். "நாடியில் ஒட்சிசன் குருதி, நாளத்தில் காபனீரொட்சைட்டுக் குருதி" என்று பாடமாக்கிய பிள்ளை சுவாசப்பை நாடியில் தடுமாறும். இதயத்திலிருந்து போவது நாடி, இதயத்துக்கு வருவது நாளம். வேறு வரைவிலக்கணம் தேவையில்லை. நீலக் குருதி என்றும் ஒன்றில்லை. படத்தில் நீலம் பூசுவது வசதிக்காக. உண்மையில் அது கடுஞ்சிவப்பு.

ஈரல், பித்தம், சிறுநீரகம்

ஈரலில் பார்க்க நிறமும் கனமும்தான் உண்டு. சுவாரசியமானது பித்தப்பை. ஊசியால் சிறிது பித்தத்தை எடுத்து, நீரும் கொஞ்சம் நல்லெண்ணெயும் உள்ள போத்தலில் விட்டுக் குலுக்குங்கள்; பித்தம் விடாத இன்னொரு போத்தலையும் அதேபோலக் குலுக்குங்கள். பித்தம் விடாததில் எண்ணெய் உடனே மேலே பிரிந்துவிடும், விட்டதில் சிறு துளிகளாகக் கலங்கி நிற்கும். பித்தம் கொழுப்பைச் சமிக்கச் செய்வதில்லை, உடைத்துச் சிறிதாக்கித்தான் கொடுக்கிறது. சமிக்கச் செய்வது சதையியின் இலைப்பேசு என்ற நொதியம். பித்தம் ஒரு நொதியம் என்று எழுதினால் புள்ளி போகும். பித்தம் கிடைக்காவிட்டால் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு துளி அதே வேலையைக் காட்டும்.

சிறுநீரகத்தைப் புத்தகம் விரிப்பதுபோல நீளப்பாட்டுக்கு வெட்டுங்கள். வெளியே மேற்பட்டை, உள்ளே மையவிழையம், நடுவே வெண்ணிறக் குழி, அதிலிருந்து சிறுநீர்க்கான். ஆட்டில் உட்பகுதி ஒரே மேடாகச் சேர்ந்திருக்கும். மனிதனில் அது பல கூம்பகங்களாகப் பிரிந்திருக்கும். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒருநாளில் ஏறத்தாழ 180 லீற்றர் வடிக்கின்றன. 20 லீற்றர்க் கலன் ஒன்பதை முற்றத்தில் அடுக்கிவைத்ததாக நினையுங்கள். வெளியே போவது ஒன்றரை லீற்றரளவு. அப்படியென்றால் சிறுநீரகத்தின் பெரிய வேலை வடிப்பதா, திரும்ப எடுப்பதா என்று கேளுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் வெங்காயத் தோட்டத்தில் நிற்கிறவருக்குச் சிறுநீர் கடும் மஞ்சளாகவும் குறைவாகவும் போவது ஏன் என்பதும் இதிலேயே விளங்கும்: வியர்வையாய்ப் போன நீரை ஈடுசெய்யச் சிறுநீரகம் இன்னும் இறுக்கி மீள உறிஞ்சுகிறது.

முடிந்ததும் மிச்சத்தை இரண்டடிக் கிடங்கு வெட்டிப் புதையுங்கள், கிணற்றுக்குத் தூரமாக. எங்கள் யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே போட்டது வெடிப்புகளின் வழியே விரைவில் நல்லதண்ணீரில் சேரும். பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின், ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அந்தக் கலவையில் வினாகிரி சேரவே கூடாது, நச்சுவாயு வரும்.

மச்சம் சேர்க்காத நாளுக்கு

சுவாசத்துக்கு: ஒரு லீற்றர்ப் பிளாஸ்ரிக் போத்தலின் அடியை வெட்டி, வாயில் பலூன் கட்டிய உறிஞ்சுகுழாயை மெழுகால் இறுக்கி, அடியில் இன்னொரு பலூனை இழுத்துக் கட்டுங்கள். அடிப்பலூனைக் கீழே இழுத்தால் உள்ளே உள்ளது விரியும். சுவாசப்பை தானாக விரிவதில்லை, பிரிமென்றகடு தாழ்ந்து இடம் பெருகுவதால்தான் காற்று உள்ளே வருகிறது என்பது விளக்கம். விரியாவிட்டால் மெழுகில் கசிவு. இந்த மாதிரியில் விலா எலும்புகள் அசைவதில்லை என்ற குறையையும் சொல்லிவிட வேண்டும்.

வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி எடுத்து அரை லீற்றர் நீரில் குலுக்கி இரவு முழுக்க அடையவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வடியுங்கள். மேல்படை காய்ந்த சுண்ணாம்பு சரிவராது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டோடு அது ஏற்கெனவே தாக்கமுற்றுவிட்டது, உள்ளிருந்து எடுங்கள். உறிஞ்சுகுழாயால் மெதுவாக ஊதினால் பால்போலாகும். உறிஞ்சிவிடக் கூடாது, கண்ணிலும் படக்கூடாது. தொடர்ந்து ஊதினால் திரும்பத் தெளியும். மழைநீர் காபனீரொட்சைட்டைச் சுமந்து சுண்ணாம்புக்கல்லைக் கரைப்பதும் இதே தாக்கம்தான். நிலாவரைக் கிணறு போன்ற ஆழமான குழிகள் அப்படி உண்டானவை. உள்ளெடுக்கும் காற்றில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 0.04 வீதம், வெளிவிடுவதில் 4 வீதம், நூறு மடங்கு.

உமிழ்நீருக்கு: அரிசிமா ஒரு தேக்கரண்டியை ஒரு கோப்பை நீரில் மெல்லிய கஞ்சியாகக் காய்ச்சி, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறவிடுங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் இரண்டு மேசைக்கரண்டி வீதம். ஒன்றில் ஒரு தேக்கரண்டி உமிழ்நீர், மற்றதில் அதே அளவு நீர். ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஒரு துளி எடுத்து, வெள்ளைப் பீங்கானில் பத்து மடங்கு ஐதாக்கிய அயடீனோடு கலந்து பாருங்கள். நீர் சேர்ந்தது கருநீலமாகவே இருக்கும். உமிழ்நீர் சேர்ந்தது நிறம் மங்கிக்கொண்டு வரும். மங்காவிட்டால் பெரும்பாலும் கஞ்சி தடிப்பு, இல்லையென்றால் சூடு கூடி, மாப்பொருளை உடைக்கும் உமிழ்நீர் நொதியமான அமைலேசு பழுதாகிவிட்டது.

சிறுகுடலின் நீளத்துக்கு அம்மாவின் சேலை போதும். ஒரு சேலை ஐந்தரை மீற்றர். சிறுகுடல் ஏறத்தாழ ஆறு. கொசுவம் பிடித்து ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடக்கிக் காட்டுங்கள். உள்ளே விரல்போன்ற நுண்ணிய சடைமுளைகளும் சேர்ந்து பரப்பை இன்னும் பெருக்குகின்றன.

நாடித்துடிப்புக்கு மணிக்கட்டில் மூன்று விரல். பெருவிரலை வைத்தால் அதன் சொந்தத் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். ஐந்து நிமிடம் இருந்து எண்ணி, மூன்று நிமிடம் வாசற்படியில் ஏறி இறங்கி, பிறகு ஒவ்வொரு நிமிடமும் எண்ணி வரைபு போடுங்கள். தொய்வு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை நேரம் பார்க்கட்டும். துடிப்பு ஏறும்போது மூச்சும் ஏறுவதை ஒரே வரைபில் போட்டால் இரு தொகுதியும் ஒரே வேலைக்கு ஓடுவது தெரியும்.

நரம்புத் தொகுதிக்கு அடிமட்டம். ஒருவர் விட, மற்றவர் பூச்சியக் கோட்டில் விரலை வைத்திருந்து பிடிக்க வேண்டும். 15 சென்ரிமீற்றரில் பிடித்தால் 0.17 செக்கன், 20 என்றால் 0.20. கண், மூளை, முண்ணாண், கைத்தசை என்று போய்வர எடுத்த நேரம் அது. எலும்புக்கு, கோழிக்கால் எலும்பை வினாகிரியில் ஐந்தாறு நாள் போட்டால் கல்சியம் கரைந்து வளையும். அகஞ்சுரக்கும் தொகுதியை வீட்டில் காட்ட முடியாது. நரம்பு தந்தி என்றால் ஓமோன் தபால் என்று சொல்லிப் போகலாம். இனப்பெருக்கத் தொகுதியை மட்டும் "வாசித்துக்கொள்" என்று தாண்டவேண்டாம். மற்ற உறுப்புகளைச் சொன்ன அதே குரலில் சொன்னால் பிள்ளையும் அதே மனதோடு கேட்கும்.

கடைசியாக ஒரு பெரிய தாளில் பிள்ளையைப் படுக்கவைத்து உருவத்தைச் சுற்றி வரையுங்கள். காலையில் தின்ற புட்டும் நல்லெண்ணெயில் பொரித்த முட்டையும் கால் பெருவிரலுக்குப் போகும் வழியை அம்புக்குறியால் போடச் சொல்லுங்கள். புட்டின் மாப்பொருள் குளுக்கோசாகி, சடைமுளையின் மயிர்க்குழாய், குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் ஈரல் வாயினாளம், ஈரல், கீழ்ப்பெருநாளம், வலது இதயம், சுவாசப்பை, இடது இதயம், பெருநாடி என்று போகும். எண்ணெய் அந்த வழியே போகாது. சடைமுளைக்குள் இருக்கும் நிணநீர்க் குழாயான பாற்கலனுக்குள் புகுந்து நிணநீரோடு ஏறி, கழுத்தடி நாளத்தில் குருதியோடு சேர்கிறது, ஈரலைத் தாண்டாமலே. அம்புக்குறி ஈரலில் நின்றுபோனால் வாயினாளம் விளங்கவில்லை. வலது இதயத்திலிருந்து நேரே இடதுக்குத் தாவினால் சுவாசப்பையின் வேலை பதியவில்லை. பம்பையும் குழாயையும் திரும்ப எடுங்கள்.